ஒன்பதாம் நம்பர் டிஸ்க்

உண்ணாமலை பஸ்ஸில் ஏறினால் யாரையாவது பார்த்துச் சிரித்துவிடுவாள். வேங்கிக்காலில் ஏறி ஊருக்குள் வந்து இறங்குவதற்குள் குறைந்தது இரண்டு பேராவது மாட்டுவார்கள். சிரிப்பை வாங்கிக்கொண்டவர்கள் முழிப்பார்கள். யார் இது, சொந்தமா, கூடப் படித்தவளா என்று யோசித்துப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் அவளைப் பார்த்ததே கிடையாது. அவளுக்குத்தான் அவர்கள் கல்யாணத்தில் மாமியார் எந்த நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், சித்தப்பா எத்தனை ஃபோட்டோவில் கண்ணை மூடினார் என்பதெல்லாம் அத்துப்படி.

சின்னக்கடைத் தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கோதண்டராமனின் ஸ்டுடியோ. வருகிறவர்களைக் கும்பிட்டு உட்காரவைத்து, "ஜமாய்ச்சிடலாம் சார்" என்று சொல்வது முன்னறையில் அவர் வேலை. படம் பிடிப்பது அருள்ராஜ். பிடித்ததை எல்லாம் பார்த்து, பொறுக்கி, வெட்டி, ஒட்டி, ஆல்பமாகவும் வீடியோவாகவும் ஆக்குவது பின்னறையில் உண்ணாமலை. இருபது வருஷமாக அதே நாற்காலி. குஷன் மட்டும் நான்கு முறை மாறியிருக்கிறது.

அவளுடையது கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம். பிளஸ் டூ முடித்ததும் "டைப்பிங்காவது கத்துக்கோ" என்று அப்பா அனுப்பிவைக்க, அவள் டைப்பிங் கிளாஸுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு போய் கம்ப்யூட்டர் கிளாஸில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தவளைக் கோதண்டராமன் பார்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அவளுக்கே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை இராமலிங்கம், கலெக்டர் ஆபீசில் ஜீப் ஓட்டுகிறவர். அந்த ஆல்பத்தையும் அவளேதான் டிசைன் செய்தாள். மாமனார் வீட்டு ஆட்கள் இரண்டு பேரை ஈவிரக்கமில்லாமல் வெட்டிவிட்டாள் என்று இன்றுவரை புகார் இருக்கிறது. வெட்டியது நிஜம்தான்.

வெட்டுவதில் அவளுக்குக் கை கூசாது. "அஞ்சு மணி நேரத்த அப்டியே குடுத்தா எவன் உக்காந்து பாப்பான்? மாப்பிள்ளையே பாக்க மாட்டான்" என்பாள். வீட்டுக்குப் போகும் வீடியோ இரண்டரை மணி நேரம். ஒரு நிமிஷம் ஜாஸ்தி கிடையாது. ஒரு துண்டை ஓடவிட்டு முதல் பத்து விநாடி பார்ப்பாள். தேறாது என்று பட்டால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த மாடிப்படியில் சந்திரம்மாள் ஏறி வருவாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை வைத்திருப்பவள். கோயிலுக்குப் போய்விட்டு நேரே ஸ்டுடியோ. கையில் விபூதிப் பொட்டலம், வாயில் ஒரே கேள்வி.

"சிந்துஜா வீடியோ ஆயிடுச்சாம்மா?"

"ஆல்பம் குடுத்துட்டோம்ல. வீடியோ தீபாவளிக்குள்ள ஆயிடும் அக்கா."

"அவன் தீபாவளிக்குப் பதினஞ்சு நாள் லீவுல வர்றான். அவன் வர்றதுக்குள்ள வோணும்மா."

அவன் என்றால் மகன் இளஞ்செழியன். ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே, எல்லையில். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை சிந்துஜாவுக்கு மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து மண்டபம் பிடித்தது வரை எல்லாவற்றையும் ஃபோனிலேயே நடத்தி முடித்தவன் அவன்தான். கல்யாணத்துக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பரவாயில்லை, ஃபோனிலேயே நேரில் பார்க்கிற மாதிரி காட்டுகிறேன் என்று சந்திரம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஜோசியர் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தது ஆவணிப் பௌர்ணமி. நாள் நல்ல நாள்தான். ஆனால் அன்றைக்கு மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும், அத்தனை பேர் சட்டைப் பையிலும் ஒரு ஃபோன் இருக்கும், டவர் திணறும் என்பதெல்லாம் பஞ்சாங்கத்தில் போட்டிருக்காது. மாதாமாதம் அந்தக் கூட்டத்துக்கு இட்லி அவித்துக் கொட்டும் சந்திரம்மாளுக்கே அது நினைவு வரவில்லை என்றால் ஜோசியரைச் சொல்லி என்ன பயன்? இளஞ்செழியன் பார்த்தது மண்டபத்து ஃபேன் ஒன்று, யாரோ ஒருவரின் வழுக்கைத் தலை, பிறகு கட். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த தங்கை கல்யாணம்.

"அதுலேருந்து எங்கிட்ட சரியா பேசறதில்லம்மா. சாப்ட்டியா, ஒடம்பு எப்டிக்கீது, வெச்சிடறேன், அவ்ளோதான். 'கட் ஆனதும் ஒருத்தருக்கும் என் ஞாபகமே வரலல்ல'ன்றான். நான் ஃபோனத் தூக்கிப் புடிச்சுக்கினுதான்டா இருந்தேன்னேன். 'சும்மா சொல்லாதம்மா'ன்றான்." சொல்லிக்கொண்டே சந்திரம்மாள் வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள். "இது வேற. கல்யாணத்துலேருந்து இந்தத் தோளு வலி போவல. சாம்பார் அண்டாவத் தூக்கனதுல புடிச்சுக்கிச்சுன்னு நெனக்கறேன்."

"வீடியோ வந்தா எல்லாம் சரியாப் போயிடும் அக்கா."

"அவன் வாயால 'பாத்துட்டேம்மா'ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

இது புரட்டாசியில் நடந்த பேச்சு. அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

அந்த ஸ்டுடியோவில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. காமிரா, ஸ்டாண்டு, லைட்டு, கத்தரிக்கோல், ஸ்டேப்லர் வரைக்கும் பொட்டு வாங்கும். ஹார்ட் டிஸ்க்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி, உண்ணாமலை கையெழுத்தில் நம்பர் போட்டிருக்கும். இந்த வருஷம் கோதண்டராமனுக்குப் பக்தி கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. "தூசியோட சாமி முன்னாடி வெக்கக் கூடாது" என்று டிஸ்க் ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். ஒன்பதாம் நம்பரின் டேப் உரிந்து துணியோடு போய்விட்டது. அவர் கவனிக்கவில்லை. அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே அளவில் புதிதாக வாங்கியிருந்த டிஸ்க் ஒன்றையும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்தார். இரண்டுக்கும் கட்டைவிரல் அகலத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்துவிட வேண்டும் என்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். ஸ்டுடியோவின் வழக்கம், புது டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்து, முதல் ஃபைலாக ராஜகோபுரத்தின் படத்தை அதில் போடுவது. வருஷா வருஷம் அதைச் செய்வது உண்ணாமலைதான். அன்றைக்குப் பார்த்து விடுமுறைக் கூட்டத்தில் அவள் வந்த பஸ் நகரவே இல்லை. "நல்ல நேரம் முடியப் போவுதும்மா, நீ மெதுவா வா" என்று ஃபோனில் சொல்லிவிட்டு, கோதண்டராமன் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். டிஸ்க்கை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். மாட்டினார். கற்பூரம் காட்டினார். கம்ப்யூட்டர் பாவம், இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுமே, பரவாயில்லையா என்று கேட்கத்தான் கேட்டது. புதுசுக்கும் அப்படித்தான் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பரவாயில்லை என்று ஒரு தட்டுத் தட்டினார். கோபுரத்தைப் போட்டார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

உண்ணாமலை வந்து சேர்ந்து, பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே, நம்பர் இல்லாமல் மிச்சம் கிடந்த டிஸ்க்கை மாட்டினாள். சிந்துஜா கல்யாணத்தை அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்று எண்ணம். டிஸ்க் திறந்தது. உள்ளே கம்பெனிக்காரன் போட்டனுப்பிய விளக்கக் குறிப்பு ஒன்று மட்டும் இருந்தது.

"அண்ணா, ஒம்பது எங்க?"

"உன் கையில இருக்கறதுதாம்மா."

"இது புதுசு. நீங்க ஃபார்மட் பண்ணது எது?"

கோதண்டராமன் தான் மாட்டியிருந்த டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் பூசியிருந்த விபூதி வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. "சாமி படத்தத்தானம்மா போட்டேன்" என்றார் கடைசியில்.

ஒன்பதில் இருந்தது ஆனி, ஆவணியில் நடந்த ஏழு கல்யாணங்கள். ஆறு கொடுத்து முடிந்தவை. பாக்கி சிந்துஜா மட்டும். அந்த வீடியோவுக்கு வேறு காப்பி கிடையாது. இரண்டாவது காப்பி எடுப்பது அந்த ஸ்டுடியோவில் எப்போதும் நாளைக்குச் செய்யும் வேலை. காமிரா கார்டுகளையோ அடுத்த கல்யாணத்துக்கே அழித்தாயிற்று.

இருபது வருஷத்தில் உண்ணாமலை ஒரு கல்யாணத்தைக்கூடத் தொலைத்ததில்லை. ஆனால் அப்போது அவளுக்கு அந்தப் பெருமை நினைவுக்கு வரவில்லை. 'பாத்துட்டேம்மா' என்ற ஒரு வார்த்தைக்காக வாரா வாரம் மாடிப்படி ஏறுகிறவளின் முகம்தான் வந்து நின்றது.

"இடி எறங்கி டிஸ்க்கு போயிடுச்சின்னு சொல்லிடலாமா?" என்றார் கோதண்டராமன்.

"வானம் வெளுத்துக் கெடக்கு. எங்கண்ணா எறங்கிச்சு இடி? உங்க தலையிலயா?"

அவர் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டார். உண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பரசுராமனுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, மொதல்ல ஒயரப் புடுங்குங்க" என்றான் அவன். "புடுங்கிட்டீங்களா? இப்போ மூச்சு விடுங்க. ஃபார்மட் பண்ணா வீட்டு வாசல்ல இருக்கற நம்பர் பலகைதான் போவும். உள்ள இருக்கற ஆளுங்க அப்டியேதான் இருப்பாங்க. புதுசா யாராச்சும் குடி வந்தாத்தான் பழைய ஆளு காலி."

"ஒருத்தர் குடி வந்துட்டாரு தம்பி. ராஜகோபுரம்."

"எத்தினி எம்.பி.?"

"ஆறு."

"ஆறு எம்.பி.க்கு உண்டானவங்க போயிருப்பாங்க. மத்தவங்களத் தேடலாம், வர்றேன்."

அரை மணியில் வந்தான். கூடவே பெரிய காலி டிஸ்க் ஒன்றும், தேடும் சாஃப்ட்வேரும் வந்தன. இரண்டே கட்டளை போட்டான். ஒன்பதில் இனிமேல் ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. கிடைப்பதெல்லாம் காலி டிஸ்க்கில்தான் விழ வேண்டும். ஓடவிட்டான். முடிய இருபத்தாறு மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். மறுநாள் காலையில் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று உண்ணாமலை ஏ.சி., ஃபேன், லைட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஏதோ ஒரு ஆல்பத்தின் அட்டையால் விசிறிக்கொண்டு காவல் இருந்தாள். கோதண்டராமன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவரக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த ரெகவரி அதுதான்.

கிடைத்தது. முப்பத்தோராயிரம் ஃபைல். உண்ணாமலை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திறந்து பார்த்தாள். அப்புறம்தான் தெரிந்தது, நம்பர் பலகை போனது என்றால் என்ன அர்த்தம் என்று. எந்தக் கல்யாணம், எந்த நாள், எந்தக் காமிரா என்று பிரித்து வைத்திருந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. பேர்களும் இல்லை. வெறும் எண்கள். ஏழு கல்யாணமும் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன.

"ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எடுத்த தேதி இருக்கும் அக்கா, அத வெச்சுப் பிரிச்சிடலாம்" என்றான் பரசுராமன்.

தேதியைப் பார்த்தார்கள். அருள்ராஜ் தன் காமிராக்களில் கடிகாரத்தைச் சரிசெய்ததே இல்லை. ஏழு கல்யாணமும் ஜனவரி ஒன்றாம் தேதி நடந்ததாகச் சொன்னது காமிரா.

பரசுராமன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். இதற்குச் சாஃப்ட்வேர் கிடையாது. கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். அங்கேதான் உண்ணாமலையின் காலம் வந்தது. ஊரில் யாருக்கும் தெரியாமல் ஊரையே தெரிந்து வைத்திருந்தவள் அல்லவா? பாதி மறைந்த ஒரு முழங்கையைப் பார்த்தே "இது போளூர் ரோடு பொண்ணு, கல்லு வளையல்" என்று தள்ளினாள். மண்டபத்துக் கம்பளம், மேடைப் பூ, மைத்துனன் மீசை எல்லாம் சாட்சி சொல்லின. ஒரே ஒரு ஆள்தான் அவளைக் குழப்பினார். மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெரியவர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பாயசத்துக்குத்தான் சொந்தம் போலிருக்கிறது. அவருடைய படம் ஒன்று மட்டும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. முகம் இருந்தது, இலை இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறம். ராஜகோபுரம் போய் உட்கார்ந்தது அவர் இலை மேல்தான் என்று உண்ணாமலை தீர்மானித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தபோது சிந்துஜா வீடியோவில் கால்வாசிதான் தேறியிருந்தது. தாலி கட்டும் இடம் இன்னும் அகப்படவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கோதண்டராமன் அவசரமாக யாருக்கோ ஃபோன் பேச ஆரம்பித்தார். உண்ணாமலை வெளியே வந்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, உக்காருங்க. ஒரு தப்பு நடந்துபோச்சி."

எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரம்மாள் திட்டுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ விபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அழிஞ்சது திரும்பி வருமாம்மா?"

"கொஞ்சம் வந்திருக்கு. மீதியும் வரும்னு நெனக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"அவங்கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்? வீடியோ வரும், பாத்துக்கோன்னு சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு மாசமா அவனப் பேச வெச்சிக்கினு இருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது பொட்டலத்தை உண்ணாமலையின் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று உண்ணாமலைக்கு இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் ஸ்டுடியோவில்தான் கிடந்தாள். இராமலிங்கம் மதியச் சாப்பாட்டை ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை தாலி கட்டும் இடம் கிடைத்தது, சேதாரமில்லாமல், முழுசாக. உண்ணாமலை போட்ட சத்தத்தில் கீழே மருந்துக் கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மிச்சமிருந்த துண்டுகளில் ஒன்றைத் திறந்தாள். முதல் பத்து விநாடியிலேயே தேறாது என்று தெரிந்துபோனது. மேடைக்கு ஓரமாக அருள்ராஜ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மறந்துபோன இரண்டாவது காமிரா அது. யாரோ நாற்காலியை இழுக்கும்போது இடித்துவிட்டிருக்க வேண்டும். மணவறையை விட்டுத் திரும்பி, தூண் பக்கம் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதன் ஆயுள் அங்கேயே முடிந்திருக்கும். இப்போது எந்தக் கல்யாணம் என்று தெரிந்தாக வேண்டுமே என்று ஓடவிட்டாள்.

தூண் ஓரம் நின்றது சந்திரம்மாள். கணவன் இல்லாதவள் என்று அவளை மணவறைப் பக்கம் விடவில்லை. கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். இந்த வழக்கத்தின் மேல் உண்ணாமலைக்குத் தனிக் கோபம் உண்டு. படத்தின் மூலையில் பாதி முகமாக நிற்கும் இப்படிப்பட்ட அம்மாக்களை எத்தனையோ முறை தேடிப் பிடித்து, பெரிதாக்கி, ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் வைத்திருக்கிறாள். யாராவது கேட்டால் டிசைன் அப்படி என்பாள்.

சந்திரம்மாளின் வலது கை தலைக்கு மேல் நீட்டியிருந்தது. கையில் ஃபோன். திரையில் வெளிச்சமாக மகன் முகம். ஒரு நிமிஷம்கூட இருக்காது, திரை இருண்டது. அவள் கீழே இறக்கிப் பார்த்தாள். தட்டினாள். முந்தானையால் துடைத்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் நீட்டினாள்.

"டவர் இல்ல பெரீம்மா. சுத்திக்கினே இருக்கு. வந்தாலும் வரும்" என்றாள் அந்தப் பெண்.

"வந்தாலும் வரும்" என்று சந்திரம்மாளும் சொல்லிக்கொண்டாள். ஃபோனைத் திரும்பவும் தலைக்கு மேல் தூக்கினாள்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள். சந்திரம்மாள் இடது கையால் போட்டாள். வலது கை இறங்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை. ஃபோன் நேராக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாருடா, கட்டிட்டாரு பாரு" என்று இருண்ட திரைக்குச் சொன்னாள். கை கடுக்க ஆரம்பித்ததும் இடது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டவர்களைத் தலையசைத்து அனுப்பினாள். அந்தத் துண்டு முடிந்தது. அடுத்த துண்டிலும் அதே தூண், அதே கை. மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம்.

உண்ணாமலை ஒரு விநாடிகூடத் தள்ளாமல் பார்த்தாள். "சாம்பார் அண்டாவாம், சாம்பார் அண்டா" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

வீடியோ தயாரானது. இரண்டரை மணி நேரக் கல்யாணம். அது முடிந்த பிறகு அந்த நாற்பத்தொரு நிமிஷம், பாட்டுப் போடாமல், பேர் போடாமல், அப்படியே. கோதண்டராமன் பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"மூணு மணி நேரத்தத் தாண்டுதேம்மா. ஒரு தூணையும் ஒரு அம்மாவையும் நாப்பது நிமிஷம் யாரு பாப்பாங்க?"

"பாக்க வேண்டியவன் பாப்பான்."

அந்த மாதம் அவர் எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. ஒன்பதாம் நம்பர் டிஸ்க்கின் முதுகில் உண்ணாமலை காம்பஸ் முனையால் எண்ணைக் கீறியபோது அதை அசையாமல் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இளஞ்செழியன் வந்தான். அம்மாவுக்குப் பின்னால் மாடிப்படி ஏறி வந்தவன், வெயிலில் கறுத்து, ஒட்ட வெட்டிய முடியோடு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தான். உண்ணாமலை முன்னறையில் இருந்த பெரிய டி.வி.யில் போட்டாள். கல்யாணத்தை ஒழுங்காகப் பார்த்தான். சித்தப்பா வேட்டி தடுக்கியபோது சிரித்தான். பார்த்துட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. சந்திரம்மாள் டி.வி.யைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்தது. தூண் வந்தது.

"ஐயய்ய, இத ஏம்மா வெச்சீங்க?" என்று பதறினாள் சந்திரம்மாள். "முந்தான கோணலா கெடக்குது. வெட்டிடும்மா."

"இருபது வருசமா வெட்டறேன் அக்கா. இத வெட்ட முடியல."

இளஞ்செழியன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். திரை இருண்டதைப் பார்த்தான். வந்தாலும் வரும் என்பதைக் கேட்டான். கெட்டிமேளம் வந்தது, போனது. கை இறங்கவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது சந்திரம்மாளுக்குப் பயமாகிவிட்டது.

"அஞ்சு நிமிஷந்தான்டா புடிச்சிருப்பேன். அவ கம்ப்யூட்டர்ல இழுத்து நீட்டி வெச்சிருக்கா."

டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவன் கையை மட்டும் நீட்டி, அம்மாவின் தோளைப் பிடித்து அமுக்க ஆரம்பித்தான்.

"அந்தத் தோளு இல்லடா" என்றாள் அவள்.

கை வலது தோளுக்கு மாறியது.

"பாத்துட்டேம்மா" என்றான்.

இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. உண்ணாமலை அதையும் ஓடவிட்டாள்.